பெயரும் பொருளும்: அடிமையாயிருந்தவரின் பெயர்

டோல்கேட்டில் வாழும் தாயார் ஒருவர் சென்ற மாதம் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமை தூக்கி உழைத்தவர். மார்ச் மாதத்தில் பிறந்தவர் ஆதலால், அக்கால வழக்கப்படி பங்குக் குருவானவர் புனிதர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து, 'பாட்ரிக்' என்று அவருக்கு ஞானஸ்நானப் பெயர் சூட்டினாராம். அவர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். இப்போது மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கின்றது. தந்தையின் பெயரையே பிள்ளைக்குச் சூட்ட வேண்டும் என்பது மகனின் விருப்பம். மருமகளின் வீட்டாரோ, "வெள்ளைக்காரன் பெயர் நமக்கு எதற்கு? பொருளும் தெரியாது, வாயிலும் நுழையாது. அழகான தமிழ்ப் பெயர் ஒன்று வையுங்கள்" என்கின்றனர். பேச்சு முற்றி, இரு வீட்டாரும் இரண்டு மாதங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திருமுழுக்கும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கின்றது.

கடிதத்தின் இறுதியில் அத்தாயார் எழுதியிருந்த வரிகள் நம் நெஞ்சைத் தொட்டன. "இது நம்மை ஆண்ட துரைமாரின் பெயராக இருந்தால் சொல்லிவிடுங்கள், விட்டுவிடுகின்றேன். என் வீட்டுக்காரர் யாரையும் அடக்கி ஆண்டவர் அல்லர், பிறர் சுமையைத் தம் தோளில் சுமந்தவர்" என்று அவர் எழுதுகின்றார்.

இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட இயலாது. பெயரின் வரலாற்றையும், அதைத் தாங்கியவர்களின் வரலாற்றையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பொருள். பாட்ரிக் என்பது 'பத்ரீசியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. பழைய உரோமையில் உயர்குடியிற் பிறந்தோரைப் 'பத்ரீசியர்' என்று அழைத்தனர். 'தந்தை' என்று பொருள்படும் 'பாத்தெர்' என்னும் சொல்லே அதற்கு வேர். ஆகவே 'உயர்குடியினன்', 'மேன்மகன்' என்று இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். நம் பெண்மக்களுக்கு இடப்படும் 'பாத்திரிசியா' என்பதும் இதே வேரிலிருந்து முளைத்த பெயர்தான்.

பொருளை மட்டும் கேட்டால், மருமகளின் வீட்டார் சொல்வது சரிதானோ என்று தோன்றும். ஆனால் இப்பெயரை உலகறியச் செய்த மனிதர் துரையும் அல்லர், ஆண்டவரும் அல்லர். அவர் ஓர் அடிமை. விலைக்கு விற்கப்பட்டு, அந்நிய நாட்டில் ஆடு மேய்த்த சிறுவர்.

புனித பாட்ரிக் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் அயர்லாந்தில் பிறந்தவரும் அல்லர்; உரோமை ஆட்சியின் கீழிருந்த பிரித்தானியாவில் பிறந்தவர். தந்தை கல்பூர்னியுஸ் ஒரு திருத்தொண்டர். பாட்டனார் பொத்தீத்துஸ் ஒரு குரு. இவற்றையெல்லாம் நாம் கட்டுக்கதைகளிலிருந்து அறியவில்லை. புனிதரே முதுமையில் இலத்தீனில் எழுதிய 'அறிக்கை' என்னும் சிறுநூல் இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. அதன் தொடக்கத்திலேயே அவர் தம் பெயரைக் கூறி, தம்மை ஒரு பாவி என்று தாழ்த்திக்கொள்கின்றார். மேன்மகன் என்ற பொருளுடைய பெயரைத் தாங்கியவர், அப்பெயரை அடுத்துத் தம்மைப் பற்றிச் சொல்லும் முதற் செய்தி அதுவே.

ஏறத்தாழப் பதினாறு வயதிருக்கும்போது கடற்கொள்ளையர் அவர் ஊரின் மீது பாய்ந்தனர். ஆயிரக்கணக்கான பேருடன் அவரும் பிடிபட்டு, கடல் கடந்து அயர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்தார். பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து செபித்தார். பகலில் நூறு முறை, இரவிலும் ஏறத்தாழ அத்தனை முறை செபித்ததாக அவரே எழுதுகின்றார். குருவின் பேரனாகப் பிறந்தும் இளமையில் இறைவனை அறியாதிருந்த அவர், அடிமைத்தனத்தில்தான் இறைவனைக் கண்டடைந்தார்.

ஒருநாள் இரவு, கப்பல் காத்திருக்கின்றது என்று ஒரு குரல் கேட்டது. ஏறத்தாழ இருநூறு மைல் நடந்து கரையை அடைந்தார். கப்பல் தலைவன் முதலில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டான். மனம் சோர்ந்து செபித்துக்கொண்டே திரும்பியவரைக் கப்பலில் இருந்த ஒருவர் உரத்த குரலில் கூப்பிட்டார். இவ்வாறு தப்பிச்சென்று, சில ஆண்டுகளுக்குப் பின் பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். இழந்த மகன் மீண்டு வந்தான்; இனி எங்களை விட்டுப் போகாதே என்று அவர்கள் மன்றாடினர். கதை இத்தோடு முடிந்திருந்தால், தப்பிவந்த ஓர் அடிமையின் கதையாகவே அது நின்றிருக்கும்.

ஆனால் ஒரு கனவு வந்தது. விக்டோரிக்குஸ் என்பவர் எண்ணற்ற மடல்களைச் சுமந்து வருகின்றார். அவற்றுள் ஒன்றைப் பிரித்தவுடன், அயர்லாந்து மக்கள் ஒரே குரலாக மீண்டும் தங்களிடையே வந்து நடமாடும்படி அழைப்பது பாட்ரிக்கின் காதில் விழுகின்றது. தம்மை அடிமையாக வைத்திருந்த அதே மக்கள்! அவர்களிடம் ஆயராகத் திரும்பிச் சென்றார் பாட்ரிக். பழிவாங்கச் செல்லவில்லை, நற்செய்தி சொல்லச் சென்றார்.

அவருக்கு முன்பே, 431-ஆம் ஆண்டில், பல்லாதியுஸ் என்பவரை அயர்லாந்தின் விசுவாசிகளுக்கு ஆயராகத் திருத்தந்தை செலஸ்தீன் அனுப்பினார் என்பது வரலாறு. பாட்ரிக் வந்து சேர்ந்த ஆண்டு 432 என்பது மரபு. எனவே அந்நாட்டில் முதன்முதல் கால்வைத்த வேதபோதகர் அவரே என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வடக்கிலும் மேற்கிலும் நற்செய்தி கேட்டிராத மக்களிடையே அதை விதைத்த பெருமை அவருக்கு உரியது.

அவர் எழுதிய மற்றொரு மடலும் கிடைத்துள்ளது. கொரோத்திக்குஸ் என்னும் சிற்றரசனின் வீரர்கள், பாட்ரிக் அப்போதுதான் திருமுழுக்குக் கொடுத்திருந்த மக்களைத் தாக்கினர். நெற்றியில் பூசிய திருத்தைலம் காயுமுன்னே சிலரை வெட்டினர். மற்றவரை அடிமைகளாக விற்றனர். கொள்ளையடித்த அந்த வீரர்களும் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டவர்களே. பாட்ரிக் அவர்களுக்கு அஞ்சவில்லை. சிறைப்பட்டோரை விடுவித்து, கண்ணீர் விட்டு மனந்திரும்பும்வரை அவர்களோடு உண்ணவும் குடிக்கவும் கூடாது என்று விசுவாசிகளுக்கு வெளிப்படையாக எழுதினார். அடிமை வாணிபம் உலக வழக்கமாயிருந்த காலத்தில், அடிமையாயிருந்த ஒருவரே அதற்கு எதிராக எழுப்பிய குரல் அது.

பாம்புகளை அவர் நாட்டைவிட்டு விரட்டினார் என்னும் கதையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பனியூழிக்குப் பின் அயர்லாந்தில் பாம்புகள் வாழ்ந்ததே இல்லை என்று இயற்கையறிஞர் கூறுகின்றனர். மூவிலைக் கீரையைக் காட்டித் திரித்துவத்தை விளக்கினார் என்பதும் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஏட்டில் ஏறிய கதை. அவருடைய சொந்த எழுத்தே நம்மிடம் இருக்கும்போது, இக்கதைகள் இல்லாமற் போனாலும் அவர் புகழுக்குக் குறைவில்லை.

இனிப் பெயரின் பயணத்தைப் பார்ப்போம். பழைய ஐரிஷ் மொழியில் தொடக்கத்தில் 'ப' என்னும் ஒலியே இல்லையாம். ஆகவே பத்ரீசியுஸ் என்னும் பெயரை அம்மக்கள் முதலில் 'கொத்ரிகே' என்று ககர ஒலியால் தொடங்கி உச்சரித்தனர் என்று மொழியறிஞர் கூறுவர். பின்னரே 'பாத்ரிக்' என்னும் வடிவம் நிலைத்தது. அயல்மொழிப் பெயரை அப்படியே சொல்ல முடியாதபோது தம் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட அவர்கள் செயலில் நமக்கு வியப்பு என்ன இருக்கின்றது? யோசேப்பைச் 'சூசை' என்றும், சேவியரைச் 'சவேரியார்' என்றும் வளைத்துக்கொண்டவர்கள் நாமன்றோ?

மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. தம் நாட்டுத் திருத்தூதரின் பெயரைப் பிள்ளைகளுக்கு நேரே இடுவதற்கு அயர்லாந்து மக்கள் பல நூற்றாண்டுகள் அஞ்சினர். அத்துணைப் பெரியவரின் பெயரை நம் பிள்ளை தாங்குவதா என்ற பணிவு அவர்களுக்கு. அதனால் 'கில்லா பாத்ரிக்', 'மேல் பாத்ரிக்' என்று பெயரிட்டனர். முன்னதற்குப் பாட்ரிக்கின் ஊழியன் என்றும், பின்னதற்குப் பாட்ரிக்கின் அடியான் என்றும் பொருள். பிற்காலத்தில் 'ஃபிட்ஸ்பாட்ரிக்' என்று வழங்கும் குடும்பப் பெயர், 'கில்லா பாத்ரிக்கின் மகன்' என்பதன் மாற்று வடிவமே. பதினேழாம் நூற்றாண்டிற்குப் பிறகுதான் 'பாட்ரிக்' என்று நேரடியாகப் பெயரிடும் வழக்கம் அங்கே பரவியது.

நம் பங்குகளின் பழைய திருமுழுக்கேடுகளைப் புரட்டிப் பாருங்கள். சவரியடிமை, மரியதாசன், அந்தோணிதாசன், யேசுதாசன் என்று பெயர்கள் வரிசையாக வரும். கடலுக்கு அப்பால் ஐரிஷ்காரர் 'கில்லா' என்றதைத்தான் நாம் 'தாசன்' என்றும் 'அடிமை' என்றும் சொன்னோம். ஒருவரையொருவர் அறியாத இரு மக்களும், புனிதர் முன் ஒரேவிதமாகத் தலைகுனிந்திருக்கின்றனர்.

இப்பெயர் நம் ஊருக்கு எவ்வாறு வந்தது? 1832-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் சென்னையில் ஒரு திருத்தூதுப் பதிலாள் ஆட்சிப்பகுதியை நிறுவினார். அதன் பொறுப்பை ஏற்று 1835-இல் வந்த ஆயர் தானியேல் ஓ'கானர் அயர்லாந்து நாட்டவர். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு சென்னையின் ஆயர்கள் அந்நாட்டினரே. 1841 முதல் ஜான் ஃபென்னல்லி, 1868 முதல் ஸ்டீபன் ஃபென்னல்லி, பின்னர் 1886-இல் முதற் பேராயரான ஜோசப் கோல்கன் என்று அவ்வரிசை 1911 வரை நீண்டது. 1842-இல் காணிக்கை அன்னை சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து வந்து, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் பெண்கல்விக்கு வித்திட்டனர். 1875-இல் புனித பாட்ரிக் சபைச் சகோதரர்கள் வந்தனர். 1808-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டல்லோ என்னும் ஊரில் ஆயர் தானியேல் டிலேனி நிறுவிய சபை அது. அடையாற்றில் புனித பாட்ரிக் பெயரால் விளங்கும் பள்ளி அவர்களுடையதே.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆயரானாலும் ஆளுநரானாலும், தையல் போட்ட மசூலாப் படகில் ஏறி, அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். துடுப்புப் பிடித்தவர்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். இராயபுரத்தில் புனித இராயப்பருக்கு ஆலயம் எழுப்பிய குடும்பங்கள் அத்தகைய படகோட்டிகளின் குடும்பங்களே. அந்த ஆயர்களும் கன்னியரும் இந்நகரில் காலூன்றியது, முதலில் நம் முன்னோரின் தோள்வலியை நம்பித்தான்.

"வந்தவர்களும் வெள்ளையர்தாமே?" என்று கேட்கலாம். தோல் நிறத்தால் ஆம். ஆனால் அவர்களும் ஆளப்பட்ட மக்களே. தம் நாட்டில் விசுவாசத்தை விடாததற்காகச் சொத்துரிமையும் கல்வியுரிமையும் இழந்தவர்கள். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் அத்தனை பேர் கப்பலேறி நாடு துறந்தனர். 'பாடி' என்னும் செல்லப் பெயரை, ஏழை ஐரிஷ்காரரை இகழும் சொல்லாகவே பிறர் மாற்றிவிட்டனர்.

அதே வேளையில், உண்மையை மறைக்கவும் கூடாது. கும்பினியாரின் படையில் நம் நாட்டைப் பிடிக்கப் போரிட்டவர்களுள் ஐரிஷ்காரர் பலர் இருந்தனர். சென்னையில் உருவான ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்றே 1881-இல் டப்ளின் ஃபியூசிலியர் என்னும் ஐரிஷ் படையாக மாறியது. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையை நியாயப்படுத்திய பஞ்சாப் ஆளுநர் மைக்கேல் ஓ'டயர், அயர்லாந்தின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அதிதூதரின் பெயரைத் தாங்கியவர். பெயர் மட்டும் மனிதனை நல்லவனாக்கிவிடாது.

அடுத்த ஆண்டே அதே பஞ்சாபில் வேறொரு காட்சி. 1920-இல் ஜலந்தரிலும் சோலனிலும் கானாட் ரேஞ்சர்ஸ் என்னும் ஐரிஷ் படையினர், தம் தாய்நாட்டில் ஆங்கிலேயர் இழைக்கும் கொடுமையைக் கண்டித்து ஆயுதம் ஏந்த மறுத்தனர். சோலனில் பாட்ரிக் ஸ்மைத், பீட்டர் சியர்ஸ் என்னும் இரு வீரர்கள் சுடப்பட்டு இறந்தனர். ஜேம்ஸ் டேலி அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் மரண தண்டனை பெற்றார். ஐம்பது ஆண்டுகள் இந்திய மண்ணில் உறங்கிய அவர்களின் உடல்கள் 1970-இல் தாயகம் சென்றன.

இப்பெயரைத் தாங்கிய இன்னும் மூவரைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். முதலாமவர் ஆயர் பாட்ரிக் ஜோசப் கேரு. 1838-இல் சென்னையின் துணை ஆயராக நியமனம் பெற்று, 1840-இல் கல்கத்தாவுக்கு மாற்றலானார். அவர் காலத்தில்தான், 1841-ஆம் ஆண்டு இறுதியில், லொரேட்டோ கன்னியர் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அச்சபையில் சேர்ந்தே 1929-இல் ஓர் இளம்பெண் இந்தியாவுக்கு வந்தார். அவரைத்தான் உலகம் அன்னை தெரேசா என்று அறிந்தது.

இரண்டாமவர் பாட்ரிக் பியர்ஸ். ஆசிரியர், கவிஞர், அயர்லாந்தின் விடுதலை வீரர். 1916-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்று, மே 3-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் தாகூர் எழுதிய 'அஞ்சல் நிலையம்' நாடகம் 1913-இல் டப்ளின் நகரில் மேடையேறியபோது, அதன் வருவாய் பியர்ஸ் நடத்திய பள்ளிக்கே உரியதாயிற்று.

மூன்றாமவர் நம் குடும்பங்களுக்கு மிக நெருங்கியவர்: அருட்தந்தை பாட்ரிக் பெய்டன். 1909-இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவுக்குச் சென்று, பேராலயம் ஒன்றில் துப்புரவுப் பணியாளராக வேலை செய்தவர். குருமாணவராயிருந்தபோது காசநோயால் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர். குடும்பம் கூடிச் செபமாலை சொன்னால் குடும்பம் சிதறாது என்னும் செய்தியை நாடுநாடாகக் கொண்டுசென்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நம் நாட்டிற்கும் வந்தார். 1992-இல் மறைந்த அவரைத் திருச்சபை 2017-இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அம்மா! இப்போது உங்கள் கேள்விக்கு வருகின்றோம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயரைச் சூட்டாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றது. தமிழ்ப் பெயரானாலும், புனிதர் பெயரானாலும், அவ்வுணர்வுக்கு இசைந்திருந்தால் தடையில்லை. எனவே மருமகள் வீட்டார் தமிழ்ப் பெயரை விரும்புவது குற்றமன்று. நம் மொழியில் இறைவனை அழைக்கும் நாம், நம் பிள்ளையையும் நம் மொழியில் அழைக்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் 'துரைமாரின் பெயர்' என்று பாட்ரிக்கை ஒதுக்கினால், அது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது கடல்கடந்து விற்கப்பட்ட ஒரு சிறுவரின் பெயர். நம் கரையிலிருந்தும் 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றதன்றோ? பிறந்த மண்ணை விட்டுக் கடல்கடந்து உழைக்கச் சென்றவரின் துயரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்?

வழி ஒன்று சொல்வோம். திருமுழுக்கேட்டில் இரு பெயர்களையும் எழுதலாமே! தாத்தாவின் பெயரும் இருக்கட்டும். மருமகள் வீட்டார் தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். வீட்டில் எதைச் சொல்லி அழைத்தாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கும். டோல்கேட் என்னும் உங்கள் ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். சுங்கச் சாவடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. இன்றோ அது ஒரு வாயிலின் பெயரல்ல, மெட்ரோ ரயில் நின்று செல்லும் உங்கள் ஊரின் பெயர். யார் சூட்டிய பெயரானாலும், அதில் வாழ்ந்தவர்கள்தாம் அதற்குப் பொருளாகின்றனர்.

பெயரைவிட முக்கியமான ஒன்று உண்டு. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களிலேயே திருமுழுக்குப் பெறச் செய்ய வேண்டும் என்று 867-ஆம் விதி பெற்றோருக்குக் கட்டளையிடுகின்றது. உங்கள் பேரப்பிள்ளை இரண்டு மாதங்களாகக் காத்திருக்கின்றது. தம்மை அடிமைப்படுத்தியவர்களிடமே மன்னிப்போடு திரும்பிச் சென்றவரின் பெயருக்காக, உறவுகள் இரண்டு மன்னிக்க மறுத்துப் பிரிந்திருப்பது அப்புனிதருக்கே அடுக்காது. பெரியவராகிய நீங்களே முதலில் புறப்படுங்கள். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சம்பந்தி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யார் முதலில் பேசுவது என்று காத்திருக்க வேண்டாம்.

பிறர் சுமையைத் தம் தோளில் சுமந்த உங்கள் கணவர், 'மேன்மகன்' என்னும் அப்பெயருக்கு உரிய பொருளைத் தம் வாழ்வால் எழுதிச் சென்றிருக்கின்றார். பேரப்பிள்ளை அப்பெயரைத் தாங்கினாலும் தாங்காவிட்டாலும், அந்தத் தோளின் கதையை அவனுக்குச் சொல்லி வளருங்கள். மார்ச் 17-ஆம் நாள், புனிதரின் திருநாளன்று, இரு வீட்டாரும் ஒரே பாயில் அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். அன்று எங்கள் செபத்திலும் உங்கள் குடும்பம் இருக்கும்.